பணத்தை இரும்பில் போடுங்கள்

சொந்தமாக ஒரு சிஎன்சி, அதாவது கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம், கட்ட நினைப்பவர் முதலில் மோட்டாருக்கும் கன்ட்ரோலருக்கும்தான் விலை விசாரிக்கிறார். கோவையில் கணபதி, குறிச்சி சிட்கோ பக்கத்துப் பட்டறைகளைப் பார்த்த பிறகு, இது தலைகீழான வரிசை என்றே எனக்குப் படுகிறது. 1952-இல் எம்ஐடி காட்டிய எண்முறை மில்லிங் இயந்திரத்தில், வால்வுகளும் ரிலேக்களும் அடைத்த அலமாரிகள் இயந்திரத்தைவிட அதிக இடத்தைப் பிடித்தன. மூன்று அச்சுகளை நகர்த்தும் அதே வேலையை இன்று ஓர் அர்டுயினோ பலகையும், காசு கொடுக்காமல் கிடைக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருளும் செய்துவிடுகின்றன. மூளை மலிந்துவிட்டது, உடம்பு மலியவில்லை.

கணக்கைப் பாருங்கள். வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். டிரைவர் ஒவ்வோர் அடியையும் பதினாறாகப் பிரித்தால் 3200. அதை 5 மில்லிமீட்டர் புரியிடை உள்ள பால் ஸ்க்ரூவில் பூட்டினால், ஒரு மில்லிமீட்டருக்கு 640 துடிப்பு. காகிதத்தில் இரண்டு மைக்ரானுக்கும் கீழே! ஆனால் கட்டர் அலுமினியத்தில் இறங்கியதும் மெல்லிய சட்டம் அதைப்போலப் பல மடங்கு வளைந்துகொடுக்கிறது. குறுக்குச் சட்டத்தின் நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும். அதனால் ஏழைக்கேற்ற முதல் உபாயம், இயந்திரத்தைச் சிறிதாகக் கட்டுவது. இரண்டாவது, ஃபிட்டரின் கை. ரெயில் உட்காரும் முகத்தை நீலம் தடவிச் சோதித்து, மேடு தெரியும் இடத்தைச் சுரண்டி, டயல் கேஜைக் கோடியிலிருந்து கோடிவரை ஓட்டி, முள் அசையும் இடத்தில் ஷிம் வைக்கிறார். முள் நிற்கும்வரை அவர் விடுவதில்லை. வெல்டிங் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும் என்பதை அவர் அறிவார். எனவே ரெயில் முகத்தை வெல்டிங் முடிந்த பிறகே சமன்செய்கிறார். இயந்திரத்தின் துல்லியம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

இந்தப் பிழைகளை மென்பொருளிலேயே ஈடுகட்டலாமே என்பார்கள். ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள நிலையான ‘ப்ளே’யை ஈடுகட்டலாம், அதற்கு வசதி தரும் கன்ட்ரோலர்களும் உண்டு. வெட்டும் விசைக்கேற்ப மாறிக்கொண்டேயிருக்கும் வளைவை அப்படிப் பிடிக்க முடியாது. பெட்டியில் வரும் கிட் போதாதா என்பது அடுத்த கேள்வி. மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் போதும், அதில் எனக்கு மறுப்பில்லை. உலோகம் வெட்டத் தொடங்கினால் அந்தச் சட்டத்தின் நடுக்கம் வெட்டிய முகத்தில் அலையாகப் பதிந்துவிடும்.

இவ்வளவுக்கும் காரணமான உழைப்புக்குத் தனி விலை இல்லாததுதான் என் கோபம். விலைப்பட்டியலில் மோட்டாருக்கு ஒரு வரி, டிரைவருக்கு ஒரு வரி, ஸ்பிண்டிலுக்கு ஒரு வரி. சுரண்டிச் சமன்செய்த நாட்களுக்கு வரியே இல்லை. ‘ஜாப் ஒர்க்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அது கரைந்துபோகிறது. நடுவில் நின்று பெயர்ப்பலகை ஒட்டி விற்பவருக்குக் கிடைக்கும் லாபத்தில் அந்தக் கைக்குப் பங்கு இல்லை. சொந்தமாகக் கட்டுகிறவருக்கும் ஃபிட்டருக்கும் நடுவே யாரும் இல்லை. ஆகவே மோட்டாரில் ஓர் அளவு குறைத்து வாங்குங்கள், மிச்சமாகும் பணத்தை எஃகுக்கும் ஒரு நல்ல டயல் கேஜுக்கும் ஒதுக்குங்கள். ஃபிட்டரிடம் மட்டும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.