பதினேழாம் நம்பர் நட்டு

வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாலே பாதி மெக்கானிக் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த காலம். 2013-இல் ஐடிஐ முடித்த கையோடு பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தேன். முதல் வாரம் தோப்புக்காரர் ஒருவர் ஏழு சீட் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "முன்னாடி கடகடங்குதுங்க" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் ஜாக்கியை உருட்டிக்கொண்டு போய்விட்டேன். பட்டறைக்காரர் எங்கள் எல்லோருக்கும் அண்ணன்தான். டீ கிளாஸைக் கீழே வைக்காமலேயே, "ஜாக்கிய அங்கயே வைடா" என்றார். பிறகு தோப்புக்காரரிடம் திரும்பி, "எப்பங்க வருது?" என்று கேட்டார்.

"எப்பவும்தானுங்க."

"ஸ்பீடு பிரேக்கர்ல நேரா ஏறி இறங்குறப்ப?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுல வர்றதில்லீங்க. தோப்புக்குப் போற மண் ரோட்டுலதான்."

"ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில இறங்குறப்ப?"

"ஆமாங்க, அப்பத்தான்!"

"ஸ்டெபிலைசர் லிங்க்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு அண்ணன் மிச்ச டீயைக் குடித்தார்.

எனக்கு அது மாந்திரீகமாகத் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் லிங்க்கின் உருண்டை மூட்டு, விழப்போகிற பல் மாதிரி ஆடியது. காரணத்தைச் சாயங்காலம்தான் சொன்னார். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க, இரண்டு முன் சக்கரங்களுக்கும் குறுக்கே ஒரு கம்பி ஓடுகிறது. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அந்தக் கம்பிக்கு வேலையே இல்லை. ஒன்று இறங்கி மற்றது நின்றால்தான் அது முறுகும், லிங்க்கை இழுக்கும், தேய்ந்த மூட்டு தட்டும்.

அன்றிலிருந்து வண்டிக்காரர்களிடம் 'எங்கே' என்று கேட்பதை விட்டேன். எங்கே என்று அவர்கள் சொல்வது முக்கால்வாசி தப்பாகவே இருக்கும். அவர்கள் மேலும் குற்றமில்லை. 1994-இல் வந்த சுமோ, 2002-இல் வந்த ஸ்கார்பியோ மாதிரியான வண்டிகளில் கீழே ஏணி போல ஒரு சேசிஸ், அதன்மேல் ரப்பர் கட்டைகள் வைத்து உட்காரவைத்த பாடி. பின்னால் தட்டுவதை இரும்பு முன்னால் கொண்டுவந்து கொடுக்கும். 2012-இல் ஓரகடத்திலிருந்து டஸ்டர் வந்தபோது அந்த ஏணியே இல்லை, கூடு முழுக்க ஒன்றாக வெல்டிங் செய்தது. அந்த வகை வண்டிகளில் முன் ஷாக் அப்சார்பரின் தலை கண்ணாடிக்குக் கீழேயே வந்து உட்கார்ந்திருக்கும். அதன் மவுன்ட் போனால் டேஷ்போர்டுக்குள் யாரோ தட்டுகிற மாதிரி கேட்கும். நின்ற இடத்தில் ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் காயில் ஸ்பிரிங்கில் விரலை லேசாக வைத்திருந்தால் போதும். ஸ்பிரிங் சுற்றாமல் முரண்டு பிடித்து, திடீரென்று 'டொய்ங்' என்று துள்ளுவதை விரலே சொல்லிவிடும்.

டேஷ்போர்டு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அரை நாள் செலவழித்து ஒரு வண்டியின் டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டிருந்தோம். சத்தம், சாவிக்கொத்தில் தொங்கிய ஆஞ்சநேயர் டாலருடையது. பிரித்தவன் நான். அண்ணன் அன்று கோயம்புத்தூரில் இருந்தார், நல்லவேளை.

ஆட்டம் பார்ப்பதற்கு என்று ஒரு முறை உண்டு. வண்டியை ஜாக்கியில் தூக்கினால் ஸ்டாண்ட் கொடுக்காமல் கையைக்கூட உள்ளே விடக்கூடாது. இதில் அண்ணன் யாருக்கும் இரண்டாம் தடவை சொல்லமாட்டார், கன்னத்தில்தான் சொல்லுவார். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் பால் ஜாயின்ட்டோ வீல் பேரிங்கோ ஆடும். இடமும் வலமுமாக அசைத்தால் டை ராட் எண்ட். மேல்கீழ் ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைக்க வேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். பேரிங் ரீங்காரம் வேகத்தோடு கூடும், கியர் மாற்றினாலும் மாறாது. ஓடும்போது வண்டியை இடப்பக்கம் ஒடித்து ரீங்காரம் கூடினால் வலப்பக்கச் சக்கரம், ஏனென்றால் பாரம் அந்தப் பக்கம்தான் போய் விழுகிறது. நான் இதைத் தலைகீழாக ஞாபகம் வைத்துக்கொண்டு ஒரு நல்ல பேரிங்கைக் கழற்றியிருக்கிறேன்.

லோயர் ஆர்ம் புஷ் விஷயத்தில்தான் அண்ணனோடு முதல் தடவை வாதம் செய்தேன். புஷ் மாற்றிவிட்டு, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்டை முறுக்கினேன். "தளர்த்துடா" என்றார். "டைட்டாத்தானே இருக்குதுங்ணா?" என்றேன். "அதான் தப்பு. வண்டி நாலு கால்ல நிக்கட்டும், அப்புறம் டைட் வை." தொங்கும் நிலையில் முறுக்கினால் அதுதான் தன் இயல்பான இடம் என்று ரப்பர் பிடித்துக்கொள்ளும். பிறகு வண்டி தரையில் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அது முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். ஐடிஐ புத்தகத்தில் இந்த வரி இருந்ததோ என்னவோ, என் கண்ணில் பட்டதில்லை.

ட்ரையல் போகும்போது அண்ணன் ஓட்டமாட்டார். இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மேட்டை ஒதுக்கி வெறுங்காலைத் தகரத்தில் ஊன்றிக்கொள்வார். இருபது வருஷ டீசல் இன்ஜின்கள் அவருடைய ஒரு காதைக் கொண்டுபோயிருந்தன. சத்தத்தை அவர் காலால்தான் கேட்டார்.

சேர்ந்து ஒரு வருஷம் ஆனபோது அந்த வண்டி வந்தது. வால்பாறைக்கு வாடகை ஓடுகிற, ஏணி சேசிஸ் வண்டி. பிரேக் போட்டால் ஒரு 'டக்', கிளப்பினால் ஒரு 'டக்'. கிராஸ் என்று நினைத்தோம். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் தேய்ந்தால் கியர் போட்டு நகர்த்தும்போது அப்படித்தான் தட்டும். காய்ந்த கிராஸ் என்றால் அதன் மூடியைச் சுற்றித் துருப்பொடி செங்கல் தூள் மாதிரி ஒட்டியிருக்கும். இதில் அந்தத் தூள் இல்லை. இருந்தும் மாற்றினோம். பூட்டும்போது பழைய இடத்திலேயே பொருந்த வேண்டும் என்று கழற்றுவதற்கு முன்னால் உளியால் அடையாளம் போட்டு, நாலு மூடியிலும் புது கிரீஸ் பிதுங்கும்வரை கிரீஸ் அடித்து, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம். மறுநாளே வண்டி திரும்பி வந்தது. டக்.

அண்ணன் என்னை ஓட்டச் சொல்லி, ஆழியாறு தாண்டி மலை ஏறச் சொன்னார். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி. பன்னிரண்டாவது வளைவுவரை ஒரு சத்தமும் இல்லை. "திருப்பு" என்றார். இறங்கத் தொடங்கி முதல் பிரேக்கில் ஒரே ஒரு டக். அதற்கப்புறம் அடிவாரம்வரை மௌனம். சமதளத்துக்கு வந்ததும் மறுபடி பழைய கதை.

"கிராஸா இருந்தா ஏத்தத்துல உயிரை வாங்கியிருக்கும்டா. இது எதுலயும் பூட்டியிருக்கிற சாமான் இல்ல. என்னமோ ஒண்ணு நகருது."

பட்டறைக்கு வந்து சேசிஸின் நீளச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டிக்கொண்டே போனார். அந்தச் சட்டம் உள்ளே குழல். அங்கங்கே கைவிரல் நுழையும் ஓட்டைகள். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. நாலு மாசத்துக்கு முன்னால் அதே வண்டிக்கு ஃபுட் ஸ்டெப் பூட்டியவன் நான். ஒரு பதினேழாம் நம்பர் நட்டு கை நழுவி ஓட்டைக்குள் போனது. விரலை விட்டுத் துழாவினேன், கிடைக்கவில்லை. டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துப் பூட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

காந்தம் உதவாது. உள்ளே விட்டதும் அது சேசிஸையே போய்ப் பிடித்துக்கொள்ளும். வண்டியின் முன்பக்கத்தை நன்றாகத் தூக்கி நிறுத்தி, சுத்தியால் தட்டித் தட்டி நட்டைப் பின் ஓட்டைவரை வரவழைத்தோம். கம்பி ஒன்றை வளைத்து, முனையில் கெட்டியாக கிரீஸ் அப்பி உள்ளே விட்டார் அண்ணன். மூன்றாவது தடவை நட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். வண்டியின் நட்டெல்லாம் கறுத்துக் கிடக்க, இது மட்டும் மஞ்சள் முலாம் போகாமல் இருந்தது. எங்கள் டப்பாவில் இருப்பவையும் அதே மஞ்சள்தான்.

யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை.

"நான்தானுங்ணா" என்றேன்.

"தெரியும். அவரு வந்தா நீயே சொல்லு."

வண்டிக்காரர் சாயங்காலம் வந்தார். சொன்னேன். அவர் நட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்காடா என் கிராஸைக் கழட்டுனீங்க?" என்றார். கிராஸுக்கும் கூலிக்கும் வாங்கிய பணத்தை அண்ணன் கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுத்தார். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் என் கூலியில் அது கழிந்தது.