நண்டுக் குழம்பும் ஒருசந்தியும்

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் எனக்கு ஒரு விசித்திரமான நம்பிக்கை இருந்தது. என் வகுப்பில் உள்ள எல்லாரும் கத்தோலிக்கர்கள் என்பதே அது! காரணம் இல்லாமல் இல்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அம்மா எனக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டில் கறி இருக்காது. பக்கத்தில் உட்காரும் நண்பர்களின் சாப்பாட்டிலும் இருக்காது. "இன்னிக்கு வெள்ளிக்கிழமைடா, சைவம்" என்று அவர்கள் சொல்லும்போது, 'இவனும் நம்ம ஆள்தான்' என்று மகிழ்ந்து போவேன். மூன்றாம் ஆண்டில் ஒரு நண்பனின் வீட்டுக்குப் போய், சாமி மேடையில் முருகனைப் பார்த்த பிறகுதான் உண்மை விளங்கியது.

தவக்காலம் என்றால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசித் தொடங்குவோம். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் உயிர்ப்புப் பெருவிழா வரை 40 நாட்கள். இந்தக் காலத்து வெள்ளிக்கிழமைகளில் 14 வயது நிறைந்தவர்கள் இறைச்சி உண்பதில்லை. திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் 18 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்கள் ஒரு வேளை மட்டுமே முழு உணவு உண்பார்கள். இவற்றுக்குப் பாட்டியின் தலைமுறை வைத்திருக்கும் பெயர்கள் சுத்தபோசனம், ஒருசந்தி. ஒருசந்தி என்ற சொல்லை இந்து நண்பர்களின் பாட்டிமாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் சிறுவயதுக் குழப்பத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்திருக்கிறது!

இதில் இன்னொரு விதியும் உண்டு. மீனுக்குத் தடையில்லை. நண்டு, இறாலுக்கும் தடையில்லை. எங்கள் வீட்டுத் தவக்காலம் பல ஆண்டுகளாக இந்த ஒரு விதியின் நிழலில்தான் சுகமாக நடந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தால் வீடு மணக்கும். அம்மா வேலை முடிந்து வரும் வழியிலேயே கடைக்குப் போய் நண்டோ இறாலோ வாங்கி வருவார். நண்டுக் குழம்பு, இறால் சம்பால், பொரித்த மீன், அப்பாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பிரட்டல். மாலை சிலுவைப்பாதைக்கு முன்பு எல்லாம் தயாராகிவிட வேண்டும். "கோழி இல்லாத நாள்ல புள்ளைங்களுக்கு நாக்கு செத்துப் போயிடக் கூடாது" என்பார் அம்மா. நாங்களும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, இயேசுவின் பாடுகளைத் தியானிக்க ஆலயத்துக்குப் போவோம்.

2025ஆம் ஆண்டு இந்தச் சுகம் கலைந்தது.

அந்த ஆண்டு மார்ச் 2ஆம் தேதி ரமலான் தொடங்கியது. மூன்று நாள் கழித்து, 5ஆம் தேதி, திருநீற்றுப் புதன். விடுதியில் என் அறைத்தோழன் கிளந்தானைச் சேர்ந்தவன். அதிகாலையில் அவன் சஹூர் சாப்பிட எழும் சத்தத்தில் நானும் விழித்துக்கொள்வேன். "எனக்கும் நோன்புக்காலம்தான்" என்று ஒரு நாள் பெருமையாகச் சொன்னேன்.

"அப்படியா! என்ன சாப்பிட மாட்டாய்?" என்று கேட்டான்.

"வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி."

"மீன்?"

"சாப்பிடலாம்."

"இறால்? நண்டு?"

"அதுவும் சாப்பிடலாம்."

சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் எதை விட்டாய்?" என்றான். அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அதே வாரத்தில் அம்மாவுக்கு வலது மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பல ஆண்டுகளாகத் தொழிற்சாலையில் ஒரே மாதிரி வேலை. நரம்பு அழுத்தப்பட்டு விரல்கள் மரத்துப் போயிருந்தன. சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது, கையை நனைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தங்கை ஐந்தாம் படிவம். வெள்ளிக்கிழமை மாலையில் அவளுக்கு டியூஷன். பாட்டிக்கு முட்டிவலி. அப்பா லாரி ஓட்டிவிட்டு வந்து அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததாக வரலாறு இல்லை. எனக்கு வெள்ளிக்கிழமையில் விரிவுரை கிடையாது. "நான் வந்து சமைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 7, முதல் வெள்ளி. கே.எல். சென்ட்ரலில் கோமூட்டர் ஏறிக் கிள்ளானில் இறங்கியதும் நேராகச் சந்தைக்குப் போனேன். வழக்கம் மாறக்கூடாது அல்லவா? ஒரு கிலோ இறால் வாங்கினேன். அந்தப் பணத்துக்கு ஒரு முழுக்கோழி வாங்கியிருந்தால் மிச்சமும் கிடைத்திருக்கும் என்பது அப்போது மனத்தில் உறைக்கவில்லை.

இறாலை உரிப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகைக் கீறி, கறுப்பு நரம்பை இழுக்க வேண்டும். ஒரு கிலோவை முடிப்பதற்குள் விரல் நுனியெல்லாம் எரிந்தது. பிறகு மிளகாய் அரைத்து, வெங்காயம் நறுக்கி, சம்பாலைக் கிளறிக்கொண்டே மறு அடுப்பில் மீன் பொரித்தேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா நாற்காலியிலிருந்து வழி சொன்னார். இரண்டரை மணி நேரம் நின்றிருந்தேன். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு நான் உட்கார்ந்தபோது சட்டியில் சம்பால் இருந்தது, இறால் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பசியும் இல்லை. அடுப்புப் புகையிலேயே வயிறு நிறைந்துவிட்டது.

"நீ சாப்பிடலையாப்பா?" என்று தங்கை கேட்டாள்.

"மணமே போதும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் திடுக்கிட்டேன். அது என் வாக்கியம் அல்ல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா சொல்லும் வாக்கியம். ஆண்டாண்டாக அதைக் கேட்டிருக்கிறேன். ஒரு முறைகூட அதன் பொருளை யோசித்ததில்லை. வாரம் முழுவதும் தொழிற்சாலையில் வேலை செய்த அந்த மணிக்கட்டுதான், நாங்கள் நோன்பு இருந்த நாட்களில் மற்ற நாட்களைவிட அதிகமாக வேலை செய்திருக்கிறது. அறைத்தோழனின் கேள்வி மறுபடியும் காதில் விழுந்தது. எதை விட்டோம்? நாங்கள் எதையும் விடவில்லை. விட்டவர் அம்மா ஒருவர்தான்.

அன்றிரவு பாட்டியிடம் போய், "தோட்டத்துல இருந்தப்ப ஒருசந்திக்கு என்ன சமைப்பீங்க பாட்டி?" என்று கேட்டேன்.

பாட்டி சிரித்தார். "சம்பளம் போட்ட ஞாயித்துக்கிழமைதான் ராசா வீட்டுல கறி. நாங்க எங்க கறிய விட்டோம்? கறிதான் எங்கள விட்டுச்சு. ரசமும் கீரையுந்தான் எப்பவும்."

"அப்புறம் தவக்காலத்துல எதத்தான் விட்டீங்க?"

"அரிசி. ஒவ்வொரு தடவ உல வைக்கிறப்பவும் ஒரு பிடி அரிசிய எடுத்துத் தனிப் பானையில போட்டு வைப்போம். பெரிய வெள்ளிக்குக் கோயில்ல கொண்டுபோய்க் கொடுப்போம், இல்லாதவங்களுக்கு. நம்ம வயித்துல ஒரு பிடி குறையணும். அதான் ஒருசந்தி."

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தையில் மீன் கடைப் பக்கம் நான் போகவில்லை. மைசூர் பருப்பு, ஒரு கட்டு கங்கோங், ஒரு பொட்டலம் தெம்பே, தக்காளி. 10 வெள்ளிகூட ஆகவில்லை. பருப்பு தானாக வெந்துகொண்டிருந்தது. மிளகு, சீரகம், பூண்டைத் தட்டிப் போட்டு ரசம் வைத்தேன். "கொதிக்க விடாத, நுரை கட்டுனதும் எறக்கு" என்று பாட்டி உள்ளிருந்தே குரல் கொடுத்தார். தெம்பேயை மெல்லிதாக வெட்டி, உப்பும் மஞ்சளும் தடவிப் பொரித்தேன். கங்கோங் மூன்றே நிமிடம். அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்துப் பழைய மைலோ டின்னில் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் சமையல் முடிந்தது. அன்று நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம்.

அப்பா தட்டைப் பார்த்தார். "என்னய்யா இது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டி, "நீ வளர்ந்த சாப்பாடுடா இது" என்றார். அப்பா பதில் பேசவில்லை. இரண்டாம் முறை ரசம் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதன் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். அடுத்த வாரமும் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் ஒட்டுக்கடையில் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு வந்து, பசியில்லை என்றார். என் பருப்பும் ஒரு முறை அடிப்பிடித்தது. ஆனால் ஏப்ரல் 4ஆம் தேதி நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா வாசலில் நாளிதழை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "வழியில ஒருத்தர் வீட்டுல மரம் நின்னுச்சு. கேட்டேன், கொடுத்தாரு" என்றார், என்னைப் பார்க்காமலே. நானும் எதுவும் கேட்காமல் எதிரில் உட்கார்ந்து உருவத் தொடங்கினேன்.

பெரிய வெள்ளி ஏப்ரல் 18. தீபகற்பத்தில் அன்று பொது விடுமுறை இல்லை என்பதால் அப்பா விடுப்பு எடுத்திருந்தார். பாட்டி சொல்லச் சொல்ல நான் பச்சைப்பயற்றுக் கஞ்சி காய்ச்சினேன். அப்பா தேங்காய் துருவினார். தங்கை துவையல் அரைத்தாள். வயதின்படி பாட்டிக்கு ஒருசந்தியிலிருந்து விலக்கு உண்டு. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. முதல் கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டினேன். "நீங்கள்லாம் சாப்பிடுங்க, நான் அப்புறம்..." என்று பழக்கத்தில் எழுந்தார். "உட்காரு" என்றார் அப்பா. கட்டுப் பிரித்து ஆறிக்கொண்டிருந்த கையால் கரண்டியைப் பிடித்து, அம்மா எங்களுக்கு முன்பாகக் கஞ்சி குடித்தார். என் நினைவில் அதுதான் முதல் முறை.

மைலோ டின் முழுவதுமாக நிறையவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மிச்சப்பட்ட காசைத் தவக்கால உண்டியலில் போட்டிருந்தோம். இரண்டையும் அன்று மாலை ஆலயத்தில் கொடுத்தோம். உயிர்ப்பு ஞாயிறன்று கோழிக்கறி ஆக்கினோம். எல்லாரும் விரும்பித்தான் சாப்பிட்டோம்; அதை மறைப்பானேன்?

நண்டு சாப்பிடுவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. திருச்சபையின் விதி அதை அனுமதிக்கிறது. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு விரத நாள் இருக்கும். வெள்ளிக்கிழமையாக இருக்கலாம், புரட்டாசிச் சனியாக இருக்கலாம். அன்று அடுப்படியில் நிற்பவர் யார், எத்தனை மணி நேரம் நிற்கிறார், எப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று ஒரு முறை பாருங்கள். விரதம் என்பது நம்மிடம் ஒரு பிடி குறைவது. நம் பிடி குறையாமல் இன்னொருவரின் உழைப்பு மட்டும் கூடினால், அதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

விடுதிக்குத் திரும்பியதும் அறைத்தோழனின் கேள்விக்குப் பதில் சொன்னேன். "ஒரு பிடி அரிசியை விட்டேன்" என்றேன். அவன் தலையசைத்துவிட்டு, "அடுத்த முறை அந்த ரசத்தை ஒரு போத்தலில் கொண்டு வா" என்றான்.