ஆல்ப்ஸ் மலையில் பதினொரு பேர்

ஆல்ப்ஸ் மலைக்குப் போகப்போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: “படிக்க அனுப்பினேனா, மலை ஏற அனுப்பினேனா?” இரண்டாவது கேள்வி: “ஸ்வெட்டர் இருக்கா?”

அது 2013. ஊடகத்துறைப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனியில் ஒரு தவணை படித்துக்கொண்டிருந்தேன். தேர்வு முடிந்த ஜூலைக் கடைசியில், அங்கிருந்த மாணவர் குழு ஒன்று பத்து நாள் ஆல்ப்ஸ் பயணம் கிளம்பியது. பல நாட்டுப் பிள்ளைகள், மொத்தம் பதினொரு பேர். எங்களுக்குத் தலைவன் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்து மலைக்கிராமத்தில் பிறந்தவன். புவியியல் மாணவன். அதிகம் பேசமாட்டான்.

ஈப்போவில் பிறந்த எனக்கு மலை புதிதல்ல. வீட்டுப் பின்கதவைத் திறந்தாலே சுண்ணாம்புக்கல் மலைதான். ஆனால் ஒருநாளும் அதன்மேல் ஏறியதில்லை. பத்துமலையின் 272 படிகள்தான் அதுவரை என் பெரிய சாதனை. பயணப்பையில் அம்மா அனுப்பிய நெத்திலி சம்பல் ஒரு போத்தல், மெகி மீ எட்டுப் பொட்டலம். காலில் மலிவு விலையில் வாங்கிய புதுச் சப்பாத்து. மலை நடைக்குப் புதுச் சப்பாத்தோடு போகக்கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் நிறுத்தம் இன்ஸ்புருக். நகரின் நடுவிலிருந்தே மலை ரயில் கிளம்புகிறது. அதன் நிலையங்களைக் கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீத் வடிவமைத்தார். பிறகு இரண்டு முறை கேபிள் கார் மாறினால் 2,256 மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். வியர்வை இல்லை, மூச்சு வாங்கவில்லை. படம் எடுத்தோம், இறங்கினோம். “இதற்கா அப்பா பயந்தார்?” என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து ஆர்ல்பெர்க் சுரங்கத்தைக் கடந்து சுவிட்சர்லாந்து. ஒரு பிராங்குக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்த காலம். உணவகத்தின் வாசலில் மாட்டியிருக்கும் விலைப்பட்டியலைப் படிப்போம், அவ்வளவுதான். சாப்பாடு பேரங்காடியில் வாங்கிய ரொட்டியும் சீஸும். என் சம்பல் போத்தல் மூன்றாம் நாளே காலி. அதிகம் தின்றவர்கள் பிரேசில்காரிகள்.

கிரிண்டெல்வால்ட் என்ற மலையூரில் மாணவர் விடுதி. ஜன்னலைத் திறந்தால் ஐகர் மலை, 3,967 மீட்டர். அதை அடுத்து மோங்க், யுங்ஃபிராவ். ஐகர் அரக்கனாம், யுங்ஃபிராவ் கன்னியாம். அரக்கனிடமிருந்து கன்னியைக் காப்பதற்காக மோங்க் என்ற துறவி நடுவில் நிற்கிறார் என்பது ஊர்க்கதை. இந்தத் துறவியின் உயரம் 4,110 மீட்டர். நம் கினபாலு 4,095. கிட்டத்தட்ட ஒரே உயரம்தான். ஆனால் கினபாலு உச்சியில் வெறும் பாறை. இங்கே ஆண்டு முழுவதும் பனிக்கட்டி.

யுங்ஃபிராவ்யோ ரயில் நிலையத்துக்குப் போக எல்லாராலும் முடியவில்லை. என்னுடைய அரை மாதச் சாப்பாட்டுக் காசு ஒரு டிக்கெட்டுக்கே போனது. ஆறு பேர் போனோம். 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள அதுதான் ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம். 1896-இல் தோண்டத் தொடங்கி 1912-இல்தான் முடித்திருக்கிறார்கள். திட்டத்தைத் தொடங்கிய சூரிச் தொழிலதிபர் குயர்-செல்லர் 1899-லேயே இறந்துவிட்டார்.

ஐகர் மலையின் வயிற்றுக்குள் போகும் சுரங்கத்தில் ரயில் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் நின்றது. பாறையைக் குடைந்து கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தார்கள். பேர்பெற்ற வடக்குச் சுவரின் உள்ளே நின்று வெளியே பார்க்கிறோம். 1938 வரை யாராலும் ஏறி முடிக்க முடியாத சுவர் அது. ஏற முயன்று பலர் உயிரை விட்டிருக்கிறார்கள். நான் சாக்லேட் தின்றபடி அந்த ஜன்னலில் செல்ஃபி எடுத்தேன். இப்போது ரயில் அங்கே நிற்பதில்லை. அந்தப் படம் மட்டும் என்னிடம் இருக்கிறது. பார்த்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

மறுநாள்தான் நடை. ஷினிகே பிளாட்டே என்ற இடத்திலிருந்து ஃபர்ஸ்ட் என்ற இடம் வரை, சுமார் 16 கிலோமீட்டர். ஷினிகே பிளாட்டேவுக்கு 1893 முதல் ஓடும் பல்சக்கர ரயில் மெதுவாக ஏற்றிவிடும். ஃபர்ஸ்ட்டிலிருந்து கேபிள் காரில் கிரிண்டெல்வால்டுக்கு இறங்கிவிடலாம். இடைப்பட்ட தூரத்துக்குக் கால்தான். என் ஈரக் காலுறை காயாததால் முதல் ரயிலைத் தவறவிட்டோம். நடக்கத் தொடங்கும்போது காலை மணி பத்து.

சுவிஸ் மலைப்பாதைகளில் மஞ்சள் பலகைகள் இருக்கும். அவற்றில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். இந்த இடத்துக்கு ஒன்றரை மணி நேரம், அந்த இடத்துக்கு மூன்று மணி நேரம் என்று. சராசரி நடையாளரை வைத்துப் போட்ட கணக்கு அது. உட்கார்ந்து இளைப்பாறும் நேரம் அதில் சேராது. எங்கள் பலகை ஃபர்ஸ்ட்டுக்குச் சுமார் ஆறு மணி நேரம் என்றது. இன்று வானொலியில் நொடிக் கணக்கில் பிழைப்பு நடத்துகிறேன். அன்று அந்தப் பலகையை ஒரு யோசனையும் இல்லாமல் நம்பினேன்.

முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். வலப்பக்கம் பனி மூடிய சிகரங்கள், இடப்பக்கம் ஆழத்தில் பச்சை நிறத்தில் பிரியன்ஸ் ஏரி, எங்கும் மாட்டு மணி ஓசை. ஒவ்வொரு மாட்டின் மணிக்கும் ஒவ்வொரு சுருதி. நின்று கைப்பேசியில் பதிவு செய்தேன். நிமிர்ந்தால் குழு அடுத்த மேட்டுக்குப் போய்விட்டிருந்தது.

மலையில் கூட்டமாக நடந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, இளைப்பாறிக் காத்திருப்பார்கள். பின்தங்கியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், “வந்தாச்சா? சரி, போகலாம்” என்று எழுந்துவிடுவார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் அன்று எனக்கு நடந்தது அதுதான், நாலரை மணி நேரமாக. குதிகாலில் கொப்புளம் வெடித்திருந்தது. நிழலான சரிவில் ஜூலையிலும் உருகாமல் கிடந்த பனித்திட்டு ஒன்றைக் கடக்கும்போது வழுக்கி விழுந்தேன். வாழ்க்கையில் முதன்முதலாகப் பனியைத் தொட்டேன். மகிழ்ச்சிப்பட நேரமில்லை.

மென்ட்லெனென் என்ற கணவாயில் ஒரு சின்னக் குடில் இருக்கிறது. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. வழியில் பாதிதான் முடிந்திருந்தது. குழுவில் மாரத்தான் ஓடும் மாணவன் ஒருவன் இருந்தான். “இப்போதே வேகமாகக் கிளம்பினால் கடைசி கேபிள் காரைப் பிடிக்கலாம். அவளை யாராவது ஒருவர் வந்த வழியே கூட்டிப் போகட்டும்” என்றான். எனக்கு எதிரிலேயே சொன்னான். மூன்று பேர் தலையாட்டினார்கள். அவன் சொன்னதில் தவறில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது. நானே திரும்பிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

டிரோல்காரன் என் சப்பாத்தைக் கழற்றச் சொன்னான். குதிகாலில் பஞ்சு வைத்து ஒட்டினான். தன் காய்ந்த காலுறையைக் கொடுத்தான். அரை மணி நேரம் யாரையும் எழவிடவில்லை. பிறகு, “இனி இவள் முன்னால். இவளைத் தாண்டி யாரும் போகக்கூடாது” என்றான். கேபிள் கார் போய்விடுமே என்று யாரோ கேட்டார்கள். “போகும். நாம் நடந்து இறங்குவோம்” என்றான். அவன் ஊரில் அப்படித்தானாம். வரிசையில் மெதுவானவர்தான் முதலில்.

எனக்குப் பின்னால் பத்துப் பேர். முதலில் முதுகு கூசியது. ஒவ்வொரு அடிக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. பிறகு, எப்போது என்று தெரியவில்லை, என் நடைக்கு ஒரு தாளம் கிடைத்துவிட்டது. துரத்திப் பிடிக்க ஆளில்லை என்றால் மூச்சும் அவ்வளவாக வாங்குவதில்லை. பின்னாலிருந்து பிரேசில்காரிகள் பாட ஆரம்பித்தார்கள். 2,681 மீட்டர் உயர ஃபவுல்ஹோர்ன் உச்சியின் தோளைத் தாண்டினோம். அந்த உச்சியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கட்டிய விடுதி இன்றும் இருக்கிறது. சாமான்களைச் சுமந்து ஏறிய அந்தக் காலத்து மனிதர்களை நினைத்தேன். என் பையில் மெகி மீயே கனத்தது.

மாலை ஆறு மணிக்கு பாகால்ப் ஏரி. பகலில் மொய்க்கும் கூட்டம் கலைந்துவிட்டது. காற்றில்லை. தண்ணீருக்குள் பனிமலைகள் தலைகீழாக நின்றன. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கிரிண்டெல்வால்டிலிருந்து கேபிள் காரில் ஃபர்ஸ்ட்டுக்கு ஏறி, அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் இதே ஏரிக்கு வரலாம். அகலமான பாதை. பிள்ளைகள் நடப்பார்கள். காலுக்குப் பழகிய சப்பாத்து மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபர்ஸ்ட்டில் மணி ஏழு தாண்டியிருந்தது. கேபிள் கார்கள் நின்றுவிட்டன. அங்குள்ள மலைவிடுதியில் பதினொரு பேர் தங்க எங்களிடம் காசில்லை. ஆயிரத்து நூறு மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். ஏற்றத்தில் மூச்சு போகும், இறக்கத்தில் முழங்கால் போகும். பாதி வழியில் மாரத்தான்காரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். டிரோல்காரன் ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் அசைத்தான். நான் ஒதுங்கி வழிவிட்டேன். மாரத்தான்காரன் முன்னால் வந்து, என்னைப் பார்க்காமல் நடக்கத் தொடங்கினான். கொஞ்ச தூரம் போனதும் தன் தண்ணீர்ப் போத்தலைப் பின்னால் நீட்டினான். வாங்கிக் குடித்தேன்.

ஊருக்குள் நுழையும்போது இரவு ஒன்பதரை. கடைகள் மூடிவிட்டன. உணவகங்களிலும் அடுப்பை அணைத்துவிட்டார்கள். ஓர் உணவகத்தின் பின்வாசல் படியில் சரிந்து உட்கார்ந்து, “அம்மா... காலே போச்சு” என்றேன்.

குப்பைத்தொட்டியருகே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். “தமிழோ பிள்ளை?”

யாழ்ப்பாணத்துக்காரர். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்கள் சுவிட்சர்லாந்துக்கு வந்தார்கள். இன்று சுமார் ஐம்பதாயிரம் பேர் இருப்பதாகச் சொல்கிறார்கள். வந்தவர்களில் நிறையப் பேருக்கு முதல் வேலை கொடுத்தவை உணவகச் சமையலறைகள்தான். அதைப் பின்னால்தான் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஐகர் மலையடியில் ஒருவர் என்னைப் “பிள்ளை” என்று கூப்பிட்டார் என்பது மட்டும்.

“பொறுங்கோ” என்று உள்ளே போனார். முதலாளியிடம் கேட்டுவிட்டு ஒரு பெரிய பானை உருளைக்கிழங்கு சூப்பும் மிச்சமிருந்த ரொட்டியும் கொண்டுவந்தார். பதினொரு பேரும் படிகளில் வரிசையாக உட்கார்ந்து குடித்தோம். காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

“நீங்க மேலே போயிருக்கீங்களா, அங்கிள்?” என்று கேட்டேன்.

“வந்து இருபத்திரண்டு வருசம். ஒருக்காலும் போகேல்லை. சீசனுக்குத்தான் சனம் வரும். சனம் வந்தால் எங்களுக்கு வேலை. சனம் இல்லாத நேரம் மேலே எல்லாம் பூட்டிக் கிடக்கும்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். ஈப்போ வீட்டின் பின்கதவு எனக்கு ஞாபகம் வந்தது.

“எப்பிடி இருக்கு மேலே?” என்றார்.

சொல்லப் பார்த்தேன். ஏரி, பனி, மலர்கள் என்று ஏதேதோ உளறினேன். கைப்பேசியை எடுத்து மாட்டு மணிப் பதிவைப் போட்டுக்காட்டினேன். “இது எனக்கு ஒவ்வொரு நாளும் கேக்கும்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மஞ்சள் பலகையில எத்தினை மணித்தியாலம் எண்டு போட்டிருக்கு?” என்று கேட்டார்.

“ஃபர்ஸ்ட் வரைக்கும் ஆறு.”

“நீங்கள் எவ்வளவு எடுத்தனீங்கள்?”

“இறங்கினதோட சேர்த்து பதினொன்றரை.”

“அப்ப நான் போனால் பதினைஞ்சு எடுக்கும்” என்று சொல்லிக்கொண்டே என் கிண்ணத்தை வாங்கி, மறுபடியும் சூப்பை ஊற்றினார்.