துடைத்தால் போதும்

வட இந்தியாவின் பழைய வீடுகளில் இரும்பு அலமாரியின் உள்ளறைக்குத் தனி மரியாதை உண்டு. நகை, நிலப் பத்திரம், வங்கிப் பாஸ்புத்தகம், சில வீடுகளில் துணியில் சுற்றிய ஒரு கைத்துப்பாக்கி. உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 இறுதியில் நாட்டில் இருந்த துப்பாக்கி லைசென்ஸ்கள் சுமார் 33.69 லட்சம். அவற்றில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும். அப்பாவிடமிருந்து மகனுக்கு வீடு வருவது போலத் துப்பாக்கியும் வருகிறது. கூடவே ஓர் ஆசையும் வருகிறது: அதைப் பளபளப்பாக்கிப் பார்க்க வேண்டும்.

கான்பூர்க்காரர் ஒருவருக்கும் அந்த ஆசை வந்தது. அப்பா இறந்த பிறகு, வாரிசு என்ற முறையில் அலுவலகம் அலுவலகமாக அலைந்து லைசென்ஸ் வாங்கினார். கைக்கு வந்தது பர்மிங்ஹாமில் தயாரான .32 வெப்ளி ஸ்காட், சட்டைப் பைக்கென்றே செய்த சிறிய பிஸ்டல். இத்தகைய துப்பாக்கிகளுக்கு இங்கே மவுசு அதிகம். 9 மி.மீ. போன்றவை சாதாரணக் குடிமகனுக்குத் தடை. விளையாட்டு வீரர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி இறக்குமதி செய்யவும் 1980களிலிருந்து வழியில்லை. கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் ஊருக்குள்ளேயே கிடைத்தாலும், பழைய பர்மிங்ஹாம் பிஸ்டல் வைத்திருப்பவரின் நடையே வேறு.

ஆனால் லைசென்ஸ் கிடைக்கும்வரை மாதக்கணக்கில் அது காவல் நிலையத்தின் மால்கானாவில் கிடந்திருந்தது. தேர்தல் காலங்களிலும் அங்கே போய்வந்த பொருள்தான். ஸ்லைடின் ஓரங்களில் செந்நிறப் புள்ளிகள், குழல் வாயில் மங்கல், கைப்பிடிக்கு மேலே கறுப்பு தேய்ந்து வெளுத்த ஒரு திட்டு. "பாபுஜி கையில் கண்ணாடி மாதிரி இருக்கும், பேட்டா" என்றார் அம்மா. மகனுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் உப்புத்தாள், பித்தளை பாலிஷ், டிரில்லில் மாட்டும் பஃபிங் சக்கரம் எல்லாம் வாங்கி வந்துவிட்டார்.

குத்துவிளக்குக்குப் பொருந்தும் நியாயம் துப்பாக்கிக்குப் பொருந்தாது. பித்தளையின் மேல் படிந்த கறுப்பு அழுக்கு. தேய்த்தால் பொன் நிறம் வரும். பழைய பிஸ்டலின் கருநீலம் அழுக்கில்லை. எஃகின் மேற்பரப்பையே ரசாயன முறையில் மெல்லிய கரிய ஆக்சைடாக மாற்றிய படலம் அது. 'புளூயிங்' என்பார்கள். தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய அந்தப் படலம், எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு துருவைத் தாமதப்படுத்துகிறது. பாலிஷில் இருக்கும் நுண்பொடி முதலில் தின்பது இதைத்தான். அன்று மாலை துப்பாக்கி வெள்ளியாக மின்னும். பிறகு ஆகஸ்ட் மாத ஈரக்காற்றும் விரல் வியர்வையின் உப்பும் வெறும் எஃகில் படியும். முன்பு புள்ளியாக இருந்த துரு இப்போது படையாகப் பரவும்.

துருவைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. ஸ்லைடிலும் சட்டத்திலும் செதுக்கிய பெயரும் வரிசை எண்ணும் ஆழமானவை அல்ல. பல கைகள் துடைத்துத் துடைத்து ஏற்கெனவே மழுங்கியிருக்கும். சுழலும் சக்கரம் சில நிமிடம் அங்கே நின்றால் ஓர் இலக்கம் காணாமல் போகலாம். துப்பாக்கியின் பெயரையோ எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8வது பிரிவு தடை செய்கிறது. எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, பதில் சொல்லும் பாரமும் அவர் தலையில். "பாலிஷ் போட்டேன் ஐயா" என்ற பதிலை நம்பும் தாரோகாவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வெளியே தேய்த்த கை உள்ளேயும் போகும். தோட்டா மேகசினிலிருந்து குழலுக்கு ஏறும் சரிவு சொரசொரப்பாக இருந்தால் சிக்கும். அமெரிக்காவில் சிறிய பிஸ்டல் வைத்திருப்பவர்கள் பலர் அதை வீட்டிலேயே வழவழப்பாக்குவது சகஜம். அங்கே உதிரிப்பாகம் கெட்டால் வேறு வாங்கலாம். நூற்றாண்டை நெருங்கும் பிஸ்டலுக்கு எங்கே வாங்குவது? சரிவின் கோணம் மாறினால் சிக்கல் கூடுமே தவிரக் குறையாது. விசையின் பற்கள் கவ்வும் இடத்தைத் தேய்ப்பதோ நேரடி ஆபத்து. அந்த விளிம்பு மழுங்கினால், விரல் படாமலே, லேசான அதிர்ச்சியில் துப்பாக்கி வெடிக்கக்கூடும். துப்பாக்கியைப் பழுது பார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் சொல்வதும் காரணமில்லாமல் அல்ல.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஒரு தோட்டா. மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று எண்ணுபவர்கள் ஏராளம். ஏற்கெனவே குழலின் பின்னறைக்குள் ஏறிவிட்ட தோட்டா அங்கேயேதான் இருக்கும். மேகசினை எடுத்து, ஸ்லைடைப் பின்னால் இழுத்து, அந்த அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகுதான் துணியைக் கையில் எடுக்க வேண்டும். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும். பழகிய கைக்கும் இதில் விலக்கில்லை. 2024 அக்டோபர் 1 அதிகாலையில் இந்தி நடிகர் கோவிந்தா மும்பை வீட்டில் தன் சொந்த ரிவால்வரின் குண்டு காலில் பாய்ந்து மருத்துவமனைக்குப் போனார். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிதான்.

நல்லவேளை, கான்பூர்க்காரர் சக்கரத்தைச் சுழற்றுவதற்கு முன் ஒரு பழைய துப்பாக்கி மிஸ்திரியிடம் காட்டினார். மிஸ்திரி பிஸ்டலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வெளுத்த திட்டு இருக்கிறதே பாய் சாகேப், இது துரு இல்லை. உங்கள் அப்பாவின் கட்டை விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம். இதையா அழிக்கப் போகிறீர்கள்?" உப்புத்தாள் அலமாரிக்கு வரவேண்டிய மரச்சாமானுக்குப் பயன்பட்டது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குழலுக்குள் கரியைக் கரைக்கும் திரவமும் பிரஷ்ஷும். துருப் புள்ளியில் மெல்லிய எண்ணெய் விட்டு ஊறவைத்து, மென்துணியால் பொறுமையாகத் தேய்த்தல். பிறகு எல்லா உலோகப் பாகங்களிலும் ஒரு பூச்சு எண்ணெய், உபரியைத் துடைத்து எடுத்துவிட வேண்டும்; வழியும் எண்ணெயில் புழுதி சேரும். தோலுறையில் போட்டுப் பூட்டி வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் எஃகை அரிக்கும். தோலுக்குப் பேர்போன கான்பூரில் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் உண்மை.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். அப்போது சரிபார்க்கப்படுவது எண்தான். பளபளப்புக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.