சாந்தோமின் கற்களும் சொற்களும்

புனித தோமையாரின் திருநாளாகிய ஜூலைத் திங்கள் 3ஆம் நாளன்று, எம் பங்கின் பீடச்சிறுவர்களை அழைத்துக்கொண்டு சாந்தோம் பேராலயத்திற்குச் சென்றிருந்தேன். எம் பங்கு பரங்கிமலைக்கு அப்பால் உள்ளது. பேருந்து மயிலாப்பூரை நெருங்கியதும் நடத்துநர், "லஸ், லஸ் எல்லாம் இறங்கு" என்று கூவினார். என்னருகில் அமர்ந்திருந்த சிறுவன், "லஸ்னா என்ன சாமி?" என்று கேட்டான். ஒரு சொல்லில் விடை கூறியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஐந்நூறு ஆண்டுக் கதை உள்ளதே! "திரும்பும்போது காட்டுகிறேன்" என்று சொல்லி வைத்தேன்.

சாந்தோம் என்பது 'சான் தொமே', அதாவது புனித தோமையார். 1520களில் போர்த்துக்கீசியர் இக்கடற்கரையில் குடியேறி, தோமையாரின் கல்லறை எனப் போற்றப்பட்ட இடத்தில் கோவிலைப் புதுப்பித்து, அதனைச் சூழ ஒரு நகரம் அமைத்தனர். 1545ஆம் ஆண்டில் புனித சவேரியார் இங்கே சில மாதங்கள் தங்கிச் செபித்தார். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் நாடு ஸ்பானிய மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்ததை நம்மில் பலர் அறியோம். அக்காலத்தில்தான், 1606ஆம் ஆண்டு, மன்னர் பிலிப்பின் வேண்டுகோளை ஏற்று, பாப்பரசர் ஐந்தாம் பவுல் கொச்சியினின்று பிரித்து மயிலை மேற்றிராசனத்தை நிறுவினார். ஆக, நம் மறைமாவட்டத்தின் பிறப்பில் ஸ்பெயின் நாட்டு அரசனுக்கும் ஒரு பங்குண்டு. முதல் ஆயராக வந்தவர் அகுஸ்தீனார் சபைத் துறவியான செபஸ்தியான் தே சான் பேத்ரு.

வானளாவி நிற்கும் வெண்மையான பேராலயத்தைக் காட்டி, "இதை போர்ச்சுகீஸ்காரங்க கட்டினாங்களா?" என்றான் ஒருவன். பெரியவர்களும் அப்படியே எண்ணுகின்றனர். போர்த்துக்கீசியர் கட்டிய பழைய கோவில் இடிக்கப்பட்டு, ஆங்கிலேயர் ஆட்சியில் 1893இல் தொடங்கி 1896இல் முடிந்தது இக்கட்டடம். ஆனால் இதைக் கட்டுவித்த ஆயர் ரீடு தா சில்வா போர்த்துக்கீசியரே. நாட்டின் அரசு ஆங்கிலேயரிடம் இருந்தும், மயிலை ஆயரைப் பெயர் குறித்து அளிக்கும் 'பதுரவாதோ' உரிமை போர்த்துக்கல் அரசிடமே இருந்துவந்தது. அந்த உரிமை நீங்கி, சென்னையும் மயிலையும் ஒரே அதிமேற்றிராசனமாக இணைந்தது 1952இல்தான். எம் குருமடத்து மூத்த ஆசிரியர்கள் அந்நாளைய வழக்குகளைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரே நகரில் இரு ஆயர்கள் என்றால் குழப்பத்திற்குக் குறைவிருக்குமா!

பேராலயத்தில் பழைய கல்லறைக் கற்கள் உள்ளன. குலச்சின்னம் பொறித்தவை சில. கால் பட்டும் மழை பட்டும் எழுத்துத் தேய்ந்தவை பல. 'செப்புல்துரா' என்ற சொல்லைக் குருமடத்தில் கற்ற இலத்தீனின் துணையால் படித்தேன். கல்லறை என்பது அதன் பொருள். அதற்கடுத்த பெயரைப் படிக்க இயலவில்லை. விரலால் தடவிப் பார்த்த சிறுவனுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் அகப்பட்டது.

இதே வளாகத்திலிருந்து தமிழ் எழுத்துப் பொறித்த சோழர் காலத்துக் கற்களும் கிடைத்துள்ளன. 1920களில் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு ஹோஸ்டன் அடிகளார் இங்குக் கிடைத்த தொல்பொருள்களை ஆராய்ந்து விரிவாக எழுதினார். பழைய கபாலீசுவரர் கோவில் கடலோரத்தில் இருந்து, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிவுற்றது என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். கோவில்களுக்கு இழைத்த தீங்கு குறித்த முறையீட்டின் பேரில், 1559இல் விஜயநகரத்தை ஆண்ட இராமராயர் படையுடன் வந்து இவ்வூர்மீது தண்டம் விதித்ததும் வரலாறே.

இதைச் சொல்லலாமா, வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். சிறு பிள்ளைகள், அதிலும் திருநாள். ஆயினும் இவர்களின் வகுப்புத் தோழர்களில் பாதிப்பேர் மயிலைத் தேரிழுக்கும் வீட்டுப் பிள்ளைகள். நாளை அவர்கள் வாயிலாகக் கேட்டு வெட்குவதைவிட, இன்று தம் சாமியாரிடமே கேட்கட்டும் என்று சொல்லிவிட்டேன். "அப்போ அவங்க நல்லவங்களா, கெட்டவங்களா சாமி?" என்றான் லஸ் பற்றிக் கேட்ட அதே சிறுவன். "நமக்குச் சவேரியாரைக் கொணர்ந்த கப்பலில்தான் அவர்களும் வந்தார்கள்" என்றேன். அவனுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

அவர்தம் ஆட்சியும் நிலைக்கவில்லை. 1639இல் ஆங்கிலேயர் வடக்கே சில கல் தொலைவில் இடம் பெற்றதும், சாந்தோம் குடும்பங்கள் பல அங்கே பெயர்ந்தன. 1662இல் கோல்கொண்டா, 1672இல் பிரெஞ்சுக்காரர், 1674இல் மீண்டும் கோல்கொண்டா எனக் கைமாறி, மதில்களும் இடிபட்டன. 1749இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று.

மதில்கள் மறைந்தன, சொற்களோ நம் வீடுகளுக்குள் குடிபுகுந்துவிட்டன. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, துவாலை, கோப்பை, ஏலம் ஆகிய யாவும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றவை. என்னைப் 'பாதிரி' என்று அழைப்போர் வாயிலும் அவர்கள் மொழியே. முத்துக்குளித்துறை நண்பர்களின் பெர்னாண்டோ, மச்சாடோ, கோமஸ் முதலிய பெயர்களும் அவ்வாறே ஞானஸ்நானத் தொட்டியினின்று எழுந்தவை. 'பரங்கி' மட்டும் நம்மவர் அவர்களுக்கு இட்ட பெயர்.

மாலையில் நடந்தே பிரகாச மாதா ஆலயத்தை அடைந்தோம். கடலில் திசை தவறிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி வழிகாட்டிற்று என்றும், அது மறைந்த இடத்தில் இக்கோவிலை எழுப்பினர் என்றும் மரபு. அன்று இவ்விடம் காடு. 'காட்டுக்கோவில்' என்று சொல்வோர் இன்றும் உளர். கல்வெட்டில் 1516 என்ற ஆண்டு காணப்படுகிறது. கட்டடம் அதற்குப் பிற்பட்டது என்பார் ஆராய்ச்சியாளர் சிலர். "போர்த்துக்கீசிய மொழியில் 'லூஸ்' என்றால் ஒளி. அதுவே லஸ்" என்றேன். "அப்ப கண்டக்டர் வெளிச்சம், வெளிச்சம்னுதான் கத்தினாரா?" என்று சிறுவர் சிரித்த சிரிப்பில், செபித்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

வெளியே தள்ளுவண்டியில் கொய்யாக்காயைக் கீறி மிளகாய்ப் பொடி தூவி விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தேன். கொய்யாவும் மிளகாயும் ஸ்பானியர் சென்றடைந்த அமெரிக்கக் கரையிலிருந்து, போர்த்துக்கீசியர் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தவை. அதற்கு முன் நம் பாட்டிமார் குழம்பில் உறைப்புக்கு மிளகுதான். அக்கதையைத் தொடங்கினேன்; அதற்குள் பரங்கிமலைப் பேருந்து வந்துவிட்டது.