தன்னைத் தானே துப்பறிந்தவர்

நம் மாணவர்கள் கைபேசியிலே விரும்பிப் பார்க்கும் துப்பறியும் படங்களில் ஒரு பாத்திரம் அடிக்கடி வருகின்றது: பொலிசு வேலையை விட்டு விலகித் தனியார் துப்பறிவாளனாகி, பழைய வினையொன்று துரத்த உறக்கமின்றி அலையும் மனிதன். பிறர் குற்றங்களை அவன் துலக்குவான். தன் குற்றத்தை மட்டும் மதுவிலே கரைப்பான். படம் முடியுமுன் நாம் அவனை மன்னித்துவிடுகிறோம். இம்மன்னிப்பு மிக மலிவானது.

அவனிலும் துணிந்த ஒருவர் கேரளத்திலே மெய்யாகவே வாழ்ந்தார். வயநாட்டு ஆதிவாசிகளின் கொத்தடிமை நிலையை எதிர்த்து அவர்களிடையே உழைத்த நக்சலைட்டுத் தோழர் வர்கீஸ், 1970 பெப்ரவரி 18ஆம் நாள் திருநெல்லிக் காட்டிலே கொல்லப்பட்டார். மோதலில் இறந்தார் என்றது பொலிசு. ஏடுகளும் அவ்வாறே எழுதின. 1998இல், மத்திய சேமப் பொலிசுப் படையில் சாதாரண காவலராயிருந்த இராமச்சந்திரன் நாயர் பகிரங்கமாக உரைத்தார்: கைதியாய்ப் பிடிபட்டிருந்த வர்கீஸைச் சுட்டது தம் கையே, மேலதிகாரியின் கட்டளை அது, மறுத்தால் தாமும் மோதலில் இறந்தவராகவே கணக்கிடப்படுவார் என மிரட்டப்பட்டார்.

அச்சத்தாற் செய்த கொலையும் கொலையே. இதனை நாயர் அறிந்திருந்தார். நீதிமன்ற ஆணையின்பேரில் மத்திய புலனாய்வுத் துறை தொடுத்த வழக்கிலே அவரும் ஓர் எதிரியானார். தீர்ப்பைக் காணாமலே 2006இல் இறந்தார். 2010இல், கட்டளையிட்ட இலட்சுமணா என்ற ஓய்வுபெற்ற உயரதிகாரிக்கு ஆயுள்தண்டனை கிடைத்தது. நாயரின் சொல் இல்லையேல் அவ்வழக்கே இல்லை. நாயரை வீரராக்க நாம் விரும்பவில்லை. ஊரறியச் சொல்ல அவருக்கு 28 ஆண்டுகள் வேண்டியிருந்தன. ஆயினும் சொன்னாரல்லவா?

இவ்வரலாற்றை நெடுந்தீவிலே வகுப்பில் நாம் கூறியபோது, பின்வரிசை மாணவியொருத்தி கேட்டாள்: "குமுதினியிலை ஏறி வெட்டின ஆக்களிலை ஒருத்தருக்கும் நித்திரை குழம்பேல்லையோ, சேர்?"

வகுப்பு அடங்கிவிட்டது. இத்தீவிலே குமுதினி என்றால் விளக்கம் வேண்டியதில்லை. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறோம். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அப்பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. 20க்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கைக்குழந்தையும் தப்பவில்லை. வந்தவர்கள் கடற்படையினரே என உயிர்தப்பியோர் சாட்சி சொன்னார்கள். எவரும் தண்டிக்கப்படவில்லை. நாம் பிறக்குமுன் நடந்தது இது; ஆயினும் ஆண்டுதோறும் மே மாதத்தில் நினைவுத்தூபியருகே அவ்வீட்டாரோடு நிற்கிறோம். சாட்சிகள் ஒருபுறம் முதுமையெய்திக் குறைந்துகொண்டே போகிறார்கள். மறுபுறத்திலிருந்து ஒரு குரலும் வரவில்லை.

அன்று 20 வயதினனாயிருந்தவன் இன்று 60ஐ எட்டியிருப்பான். எங்கோ ஓய்வூதியம் பெற்று, பேரப்பிள்ளையின் கைபிடித்துப் பள்ளிக்கூடம்வரை நடப்பவனாயிருக்கவும் கூடும். "மேலிடத்துக் கட்டளை" என்று அவன் சொல்லட்டும். கட்டளையிட்டவன் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். ஒரு தாளில் எழுதித் தபாலிலிட்டாற் போதும். அது சிங்களத்தில் இருக்கக்கூடும். வாசித்துப் பொருள் சொல்ல இத்தீவிலே ஆள் இருக்கிறது.