நான் கறுப்படித்த கண்

மேற்குத் தாம்பரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஒரு குழந்தையின் கண்ணில் நோய் காட்டிய அடையாளத்தை என் கையாலேயே அழித்தேன்.

பெருங்களத்தூர்க் குடும்பம் ஒன்றின் முதல் பிறந்தநாள் ஆல்பம் அது. ஃபிளாஷ் வெளிச்சம் கண்மணி வழியே நுழைந்து, விழித்திரைக்குப் பின்னாலுள்ள ரத்த நாளங்களில் பட்டுத் திரும்பினால் படத்தில் கண் சிவப்பாக விழும். அதைக் கறுப்பாக்குவது எங்களுக்கு அன்றாட வேலை. இந்தக் குழந்தைக்கு வலக்கண் சிவப்பு, இடக்கண் வெள்ளை. கேக் வெட்டும்போதும் தாத்தா மடியிலும் அதே இடக்கண். எனக்கு அது உறுத்தியது. ஆனால் ஆல்பத்தை மறுநாள் கொடுத்தாக வேண்டும். பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாப் படத்திலும் கறுப்படித்தேன்.

பிறகொரு நாள் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குக் குழந்தையின் அப்பா வந்தார். "இடக்கண்ண எடுத்துட்டாங்கண்ணா. புற்றுநோயாம். மாறுகண் யோகம்னு வீட்ல சொன்னாங்க, விட்டுட்டோம். போட்டோல முன்னாடியே வெள்ளையா தெரிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னார். ஆல்பம் முழுக்கப் பார்த்தோம், எதுலயும் இல்லையே" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. முதல் தவறைவிடப் பெரியது இந்த மௌனம். பல நாள் தள்ளிப்போட்ட பிறகே, திருத்தாத படங்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

அந்தக் குழந்தைக்கு வந்த நோயின் பெயர் ரெட்டினோபிளாஸ்டோமா, விழித்திரைப் புற்றுநோய். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும். பெரும்பாலும் 5 வயதுக்குள். கண்மணியில் வெள்ளை ஒளி முதல் அறிகுறி, மாறுகண் அடுத்தது. சீக்கிரம் பிடித்தால் லேசர், கீமோதெரபி மூலம் பல குழந்தைகளின் கண்ணையே காப்பாற்றலாம். விட்டால் பார்வை நரம்பு வழியே மூளைக்குப் பரவும். சிலருக்கு மரபணு வழியாக வருவதால் உடன்பிறந்தவர்களின் கண்ணையும் சோதிக்க வேண்டும்.

படத்தில் தெரியும் வெள்ளையெல்லாம் புற்றுநோய் அல்ல. கண்புரையாக இருக்கலாம், கேமரா கோணத்தாலும் வரலாம். அதை முடிவுசெய்ய வேண்டியவர், மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்கும் கண் மருத்துவர். நான் அல்ல. 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்விடலாம்.

இப்போது ஒரு கண் மட்டும் வெள்ளையாக விழுந்தால் எதையும் தொடமாட்டேன். அன்றே பெற்றோரைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டுகிறேன். வீண் பயம் காட்டுகிறேன் என்று திட்டுபவர்களும் உண்டு. திட்டட்டும். இந்தத் தொழில் செய்யும் தோழர்களே, குழந்தையின் கண்ணைத் திருத்தும் முன் பெற்றோரிடம் காட்டிவிடுங்கள்.